தம்பியோடு சேர்ந்து நடத்தும் துணிக்கடையில் எனக்குப் பங்கு உண்டா?

ஈரோடு மாவட்டத்தின் ஒரு சிறு நகரத்திலிருந்து 41 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர், கடைப் பெயர் உள்ளிட்ட அடையாளங்களை நீக்கிவிட்டு, அவருடைய நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

2019 ஆவணியில் அவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து, தங்கள் அமுச்சியின் (அம்மாவழிப் பாட்டியின்) பெயரில் ஒரு சிறிய பெண்கள் துணிக்கடையைத் தொடங்கியிருக்கிறார்கள். அக்கா நகையை அடகு வைத்து 4,50,000 ரூபாய் போட்டார். தம்பி தன் சேமிப்பிலிருந்து 3,00,000 ரூபாய் போட்டார். சேலைத் தேர்வு, ஜாக்கெட் தையல், ஆரி வேலை, வாடிக்கையாளர்களிடம் பேசுவது எல்லாம் அக்காவின் பொறுப்பு. ஈரோடு ஜவுளிச் சந்தையிலும் திருப்பூர் காதர்பேட்டையிலும் சரக்கு எடுப்பது, கணக்கு, வரி எல்லாம் தம்பியின் பொறுப்பு. ஜிஎஸ்டி பதிவும் கடை வாடகை ஒப்பந்தமும் தம்பியின் பெயரில் இருக்கின்றன. இருவருக்கும் இடையில் எழுத்தில் எதுவும் இல்லை. தொடக்க ஆண்டுகளில் மாதக் கடைசியில் மீதியைச் சரிபாதியாக எடுத்துக்கொண்டார்கள். தம்பிக்குத் திருமணமான பிறகு, கடந்த இரண்டு ஆண்டுகளாக அக்காவுக்கு மாதம் 18,000 ரூபாய் என்று நிலையாக ஒரு தொகை வருகிறது. தம்பி அதைச் சம்பளம் என்று சொல்கிறார். தம்பியின் மனைவி இப்போது கல்லாவில் உட்காருகிறார், அவருக்கும் சம்பளம் எடுக்கப்படுகிறது. இந்த நிலையில் பெருந்துறையில் இரண்டாவது கடை திறக்கத் தம்பி 20 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் கேட்டிருக்கிறார். அதற்குக் காலமான தந்தையின் பெயரில் உள்ள வீட்டை ஈடாக வைக்க வேண்டும், அம்மாவும் அக்காவும் கையெழுத்திட வேண்டும் என்கிறார். பங்கைப் பற்றி அக்கா கேட்டபோது, “எல்லாம் எம்பேருலதானக்கா இருக்குது, உனக்கென்ன கவலை?” என்று தம்பி சொன்னாராம். அம்மாவோ, “கூடப் பொறந்தவன்கிட்டப் போயி எழுதி வாங்கோணுமா?” என்று வருத்தப்படுகிறாராம்.

வாசகியின் கேள்விகள் நான்கு. கடையில் எனக்குச் சட்டப்படி உரிமை உண்டா? இத்தனை ஆண்டு உழைத்ததற்குச் சம்பளமும் நகைப் பணமும் கேட்கலாமா? பிரிந்து அதே பெயரில் வேறு கடை வைக்கலாமா? வங்கியில் கையெழுத்துப் போடலாமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற மூன்றையும் பொறுமையாகப் பேசித் தீர்த்துக்கொள்ள முடியும், வங்கியில் போட்ட கையெழுத்தை மட்டும் எளிதில் திரும்பப் பெற முடியாது.

வங்கிக் கையெழுத்து

“சாட்சிக் கையெழுத்து மாதிரிதான் என்று தம்பி சொல்கிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. உங்கள் தந்தை உயில் எழுதாமல் காலமாகியிருந்து, வீடு அவருடைய சுய சம்பாத்தியமாகவும் இருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி ஆகிய மூவருக்கும் அதில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. உங்கள் கையெழுத்தை வங்கி கேட்பதற்குக் காரணமே உங்கள் பங்கும் ஈட்டுக்குள் வர வேண்டும் என்பதுதான். அதோடு ஜாமீன்தாரராகவும் கையெழுத்திட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கும் வந்துவிடும். முதலில் தம்பியிடம் கேட்டுவிட்டுப் பிறகுதான் என்னிடம் வர வேண்டும் என்று வங்கியிடம் நீங்கள் சொல்ல முடியாது. தவணை நின்று அது வாராக்கடன் ஆனால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, உரிமையியல் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அம்மா இன்று குடியிருப்பது அந்த வீட்டில்தான்.

இப்போதுள்ள நிலையில், அதாவது கடையில் உங்கள் பங்கு என்ன என்பது ஒரு தாளில்கூட இல்லாதபோது, பெருந்துறைக் கடைக்காக நீங்கள் கையெழுத்திடக் கூடாது என்பதே என் தெளிவான கருத்து. இதைத் தம்பியின் திறமை மீதான சந்தேகமாகச் சொல்லவில்லை. ஆதாயத்தில் பங்கு உறுதியாகாத ஒருவர், இழப்பை மட்டும் முழுதாக ஏற்பது நியாயமாகாது. தம்பிக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், முதன்முறை கடன் வாங்குபவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு இல்லாமல் சிறு வணிகக் கடன் கிடைக்கிறது. கடையின் அளவைச் சற்றுச் சுருக்கினால் வீட்டைத் தொடாமலேயே தொடங்க முடியுமா என்று வங்கியில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு என்று வாதிட உங்களிடம் வலுவான அடிப்படை இருக்கிறது. எழுத்தில் இல்லாததால் உரிமையே இல்லை என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டது தவறு. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், கூட்டு வணிகம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆதாயத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தோடு ஒரு தொழிலை எல்லோரும் சேர்ந்தோ, எல்லோர் சார்பிலும் ஒருவரோ நடத்தினால் அது கூட்டு வணிகம். அப்படி ஒன்று இருக்கிறதா என்பதை அவர்களுக்கிடையிலான உண்மையான உறவைக் கொண்டும், தொடர்புடைய எல்லாச் சங்கதிகளையும் சேர்த்துப் பார்த்தும் தீர்மானிக்க வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு. ஜிஎஸ்டி பதிவு ஒருவர் பெயரில் இருப்பது அந்தச் சங்கதிகளில் ஒன்று மட்டுமே.

நீங்கள் இணைத்திருந்த நோட்டுப் பக்கத்தின் நகலைக் கவனமாகப் பார்த்தேன். 2021 தை மாதக் கணக்கு. சந்தைச் சரக்கு, தையல்காரர் கூலி, லைனிங் துணி, வாடகை, கரண்ட் பில் என வரிசையாகக் கழித்து, அடியில் கோடு போட்டு, “அக்கா 21,400, தம்பி 21,400” என்று தம்பியின் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. இலாபம் வகுத்த முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எளிதில் கிடைக்காது. இதோடு, இருவர் பெயரும் அச்சான திறப்பு விழா அழைப்பிதழ், நகை அடகுச் சீட்டு, அந்தப் பணம் கடைக்குப் போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம், சரக்கு பற்றியும் வரவு செலவு பற்றியும் நீங்கள் இருவரும் அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றையும் திரட்டி வையுங்கள். செய்திகள் இருக்கும் கைப்பேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தர 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-ஆம் பிரிவின்கீழ் சான்றிதழ் தேவைப்படும். நோட்டுகளை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம். கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பங்குதாரருக்குக் கூட்டாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அதை வெளிப்படையாகவே கேட்கலாம்.

எதிர்ப்பக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. கடை தம்பியின் தனி உரிமை வணிகம் என்றே ஜிஎஸ்டியிலும், அநேகமாக வருமான வரியிலும் கணக்குக் காட்டப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுகளாக 18,000 ரூபாயை நீங்கள் மறுப்புச் சொல்லாமல் வாங்கி வருவது உங்களுக்குப் பாதகமான சங்கதி, ஏனென்றால் பங்குதாரர்களுக்கிடையிலான ஒப்பந்தம் அவர்களுடைய நடைமுறையிலிருந்தும் ஊகிக்கப்படலாம் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. “அக்கா சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டாள்” என்று நாளை ஒரு வாதம் வருவதற்கு அது இடம் கொடுக்கும். எனவே இந்த வாரமே, கோபமில்லாத ஒரு செய்தியைத் தம்பிக்கு அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: “தம்பி, மாதாமாதம் நீ அனுப்பும் 18,000 ரூபாயை நம் கடை இலாபத்தில் என் பங்குக்கான முன்பணமாகத்தான் வைத்துக்கொள்கிறேன். வருடக் கணக்கு முடிந்ததும் மீதியை நேர் செய்துகொள்ளலாம். ஆடிட்டரிடம் இருக்கும் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க ஒரு நாள் சொல்.” ஆடிட்டரிடம் போகும்போது உங்களுக்குத் தந்த பணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

சம்பளமும் நகைப் பணமும்

இங்கே நீங்கள் எதிர்பார்க்காத பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டு உழைப்புக்குச் சம்பளம் என்று தனியாகக் கேட்க முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழிலை நடத்துவதில் பங்கெடுத்ததற்காகப் பங்குதாரர் ஊதியம் பெற முடியாது என்பது 13-ஆம் பிரிவு. பங்குதாரர் என்ற உரிமையையும் ஊழியர் என்ற உரிமையையும் ஒரே கடையில், ஒரே காலத்துக்கு நீங்கள் சேர்த்துக் கேட்டால், இரண்டாவது கோரிக்கை முதலாவதைக் கெடுத்துவிடும். அதே பிரிவு உங்களுக்குச் சாதகமாகவும் பேசுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், போட்ட முதல் கூடக் குறைய இருந்தாலும், இலாபமும் நட்டமும் சமபங்கு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது கடந்த இரண்டு ஆண்டுகளின் இலாபத்தில் பாதி. அதில் மாதாமாதம் வாங்கிய 18,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நகைப் பணத்தைப் பற்றி உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: “இரண்டு வருடத்தில் கல்லாப் பணத்திலிருந்தே நகையை மீட்டுவிட்டோம்.” அந்த ஒரு வரி கணக்கையே மாற்றுகிறது. பிரிக்காமல் கடையில் கிடந்த இலாபம் உங்கள் இருவருக்கும் பொதுவானது. அதிலிருந்து நகைக் கடன் அடைபட்டிருந்தால், நீங்கள் போட்ட 4,50,000 ரூபாய் உங்களுக்குத் திரும்பி வந்துவிட்டதாகவே கணக்கு எழுதுபவர் எடுத்துக்கொள்வார். தம்பியின் 3,00,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லையென்றால், முதலைப் பொறுத்தவரை இன்று கடை அவருக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இதனால் இலாபத்தில் உங்கள் பாதி குறையாது. ஆனால் இதைத் தெரியாமல் பேச்சில் உட்கார்ந்து “என் நாலரை லட்சத்தை எடுத்து வை” என்று தொடங்கினால், நியாயமான மற்றக் கோரிக்கைகளும் அந்த இடத்திலேயே வலுவிழந்துவிடும். மேலும், அது கடனாகக் கொடுத்த பணம் என்று எந்தக் கட்டத்திலும் எழுதிவிடாதீர்கள். கடனை வசூலிக்க 3 ஆண்டுதான் கால வரம்பு. எழுத்துப்பூர்வமான ஒப்புதலோ பகுதித் தொகையோ இடையில் வராவிட்டால் அந்த வழி எப்போதோ அடைபட்டுவிட்டது.

தம்பி மனைவியின் சம்பளம் உங்களை உறுத்துகிறது என்பது கடிதம் முழுவதும் தெரிகிறது. அவர் உண்மையில் வேலை செய்கிறார் என்றால் அது கடைச் செலவுதான், இலாபம் வகுப்பதற்கு முன் இருவர் பங்கிலிருந்தும் போகிற செலவு. அந்தத் தொகையை இருவரும் பேசி முடிவு செய்திருக்க வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணை இந்தச் சிக்கலின் காரணமாக்காதீர்கள். கணக்கு ஒழுங்கில்லாமல் போனது அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இன்னொன்று. பங்கு என்றால் கடனிலும் பங்கு. காதர்பேட்டையிலும் சந்தையிலும் கடனுக்கு எடுத்த சரக்குக்கு, நீங்கள் பங்குதாரராக இருந்த காலம் முழுவதற்கும் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. மொத்த வியாபாரிகளுக்கு இன்று எவ்வளவு பாக்கி என்பது தெரியாமல் பங்கு கேட்பது ஆபத்து.

எழுதிக்கொள்வதென்றால்

பிரிவதைவிட, முறைப்படி எழுதிக்கொண்டு தொடர்வதே உங்கள் இருவருக்கும் நல்லது என்று நினைக்கிறேன். உங்கள் கைவேலையும் தம்பியின் கொள்முதல் அனுபவமும் ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்பது கடினம். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். பத்திரத்தை எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய ஜிஎஸ்டி எண்ணிலேயே பில் போட்டுக்கொண்டிருக்க முடியாது. கூட்டு நிறுவனத்துக்குப் புதிய பான் எண்ணும் புதிய ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) ஐடிசி-02 படிவத்தின் மூலம் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். பத்திரத்தில் விட்டுவிடக் கூடாதவை இவை:

1. ஒவ்வொருவரின் முதல் இன்றைய தேதியில் எவ்வளவு, இலாப விகிதம் என்ன, உழைக்கும் பங்குதாரருக்கு ஊதியம் உண்டா என்பது. ஊதியம் பத்திரத்தில் இருந்தால்தான் வருமான வரியிலும் அதைச் செலவாகக் காட்ட முடியும்.

2. இருப்புக் கணக்கு. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு முறை இருவரும் நின்று சரக்கை எண்ண வேண்டும். விற்காமல் மூன்று தீபாவளி கண்ட சேலையை வாங்கிய விலைக்கே கணக்கில் வைத்துக்கொண்டால், இல்லாத இலாபத்தை இருக்கிறதாக எண்ணிச் சண்டை போடுவீர்கள். தைக்கத் துணி தந்திருக்கும் வாடிக்கையாளர் கொடுத்த முன்பணமும் கடனாகவே எழுதப்பட வேண்டும்.

3. பெருந்துறைக் கடை. அது இந்தக் கூட்டின் கிளையா, தம்பியின் தனிக் கடையா என்று தெளிவாக எழுதுங்கள். கூட்டுக்குப் போட்டியான அதே வகைத் தொழிலைப் பங்குதாரர் தனியாக நடத்தினால் அந்த இலாபத்துக்குக் கூட்டில் கணக்குச் சொல்ல வேண்டும் என்று 16-ஆம் பிரிவு இருப்பதால், தனிக் கடைதான் என்றால் உங்கள் சம்மதம் எழுத்தில் இருப்பது தம்பிக்குத்தான் பாதுகாப்பு. அந்தக் கடனும் அவருடையதே என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிடலாம்.

4. ஒருவர் விலகினால் அல்லது காலமானால் எந்த முறையில் கணக்குப் பார்த்து, எத்தனை தவணையில் தொகை தருவது என்பது. இருவர் மட்டுமே உள்ள கூட்டு, ஒருவர் மறைந்ததும் கலைந்துவிடும். உங்கள் பிள்ளைகளும் தம்பியின் பிள்ளைகளும் அந்த நாளில் ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் இருக்க இந்த ஒரு பத்தி உதவும்.

அம்மாவிடம் பேசும்போது இந்த நான்காவது பத்தியிலிருந்து தொடங்குங்கள். எழுதி வாங்குவது தம்பியை நம்பாததால் என்று அவர் நினைக்கிறார். பேரப்பிள்ளைகளின் காலத்துக்காகவும் எழுதுகிறோம் என்பதை அவர் புரிந்துகொண்டால், தம்பியிடம் உங்களுக்காகப் பேசக்கூடியவரும் அவரே.

பிரிவதென்றால்

தனிக்கடை வைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதே தெருவிலேகூட வைக்கலாம், விளம்பரமும் செய்யலாம். ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, விலகிய பங்குதாரர் பழைய நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தவோ, பழைய வாடிக்கையாளர்களை அழைத்து வியாபாரம் கேட்கவோ கூடாது என்கிறது 36-ஆம் பிரிவு. அமுச்சி உங்களுக்கும் அமுச்சிதான் என்றாலும், கடைப் பெயரும் அதன் நற்பெயரும் கூட்டின் சொத்து. யார் அதை வைத்துக்கொள்கிறாரோ அவர் மற்றவருக்கு அதற்கான மதிப்பைக் கொடுக்க வேண்டும். உங்கள் கைப்பேசியில் உள்ள வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவுக்கும், கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் இதே நிலைதான்: “நான் புதிய கடை திறந்திருக்கிறேன், வாருங்கள்” என்று அந்தக் குழுவில் போடுவதற்கு முன், தம்பியோடு அதைப் பற்றி எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். தானாகத் தேடி வருபவர்களுக்குத் தைத்துக் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது.

வாடகை ஒப்பந்தம் தம்பி பெயரில் இருப்பதால் கட்டட உரிமையாளரைப் பொறுத்தவரை அவர்தான் வாடகைதாரர். எனினும் கடை முன்பணம் கல்லாவிலிருந்து போயிருந்தால் அது கணக்கில் வர வேண்டும். விலகும்போது அரசிதழிலும், மாவட்டத்தில் விற்பனையாகும் ஒரு தமிழ் நாளிதழிலும் பொது அறிவிப்புக் கொடுத்து, மொத்த வியாபாரிகள் ஒவ்வொருவருக்கும் தனியாகவும் எழுதித் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் விலகிய பிறகு எடுத்த சரக்குக்கும் உங்களைத் தேடி வருவார்கள்.

பேச்சு நின்றுவிட்டால்

கூட்டு பதிவாகாததால் வழக்கே போட முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மை. பதிவில்லாத கூட்டு தொடரும்போது, ஒப்பந்த உரிமைகளை நிலைநாட்ட ஒரு பங்குதாரர் வழக்குப் போட 69-ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆனால் கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் அதே பிரிவு விலக்குத் தருகிறது. மேலும், பிரச்சினையின் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் இது வணிக வழக்கு ஆகிவிடும். அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத நிலையில், வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம்.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ, உங்கள் ஊர் நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவிலோ ஒரு மனு கொடுங்கள். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. தம்பியையும் அழைத்துப் பேசி, உடன்பாடு ஏற்பட்டு, அது மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால், உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமான வலு அதற்கு உண்டு. அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அங்கே முடிவானதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். கால வரையறை இல்லாத கூட்டை, “கலைக்கிறேன்” என்று ஒருவர் எழுத்தில் அறிவித்தாலே கூட்டாண்மைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி கலைத்துவிடலாம். ஒரு சண்டை நாளின் இரவில் வாட்ஸ்அப்பில் எழுதும் வரிகூட அப்படிப்பட்ட அறிவிப்பு என்று வாதிடப்படலாம். கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கணக்கு கேட்டு வழக்குப் போட வேண்டும். தள்ளிப் போட்டால் உரிமை காலாவதியாகும். ஆகவே முதலில் செய்தியை அனுப்பிக் கணக்கைப் பாருங்கள், பத்திரத்தைப் பற்றித் தம்பியிடமும் அம்மாவிடமும் பேசுங்கள். கலைப்பு அறிவிப்பு தேவைப்படும் நிலை வந்தால், நோட்டின் நகல்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் வாசகத்தையே அனுப்புங்கள்.